முளைப்பாரி இருட்டில் மட்டும் ஏன் அவ்வளவு உயரமாக வளர்கிறது?

வைகைக்கரை எழுதியது:

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டிருக்கிறோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண் சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டு நவதானியம் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் தெளிப்போம். மாலையில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவோம். எடுக்கும் நாளில் பயிர் நெடுநெடுவென்று, வெளிர் மஞ்சளாக, இலை விரியாமல் இருக்கும். அதே பயறை வெளியே வெயிலில் போட்டால் அத்தனை நாளில் அதில் பாதி உயரம்கூட வராது. என் மகள் எட்டாம் வகுப்பு. செடி வளர வெளிச்சம் வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது, இங்கே வெளிச்சமே இல்லாமல் இன்னும் அதிகமாக வளர்கிறதே, எப்படி என்று கேட்கிறாள். அம்மனின் அருள் என்கிறார் என் மாமியார். எருவின் பலம் என்கிறார் கொழுந்தனார். அறைக்குள் இருக்கும் வெக்கை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன். கதவைத் திறந்து அடிக்கடி எட்டிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், அதற்கும் காரணம் இருக்கிறதா?

மாடித்தோட்டம் எழுதியது:

எனக்கும் இதே சிக்கல் வேறு விதத்தில் இருக்கிறது அக்கா. பால்கனியில் குழித்தட்டில் தக்காளி விதை போட்டால், முளைத்த கொஞ்ச நாளிலேயே தண்டு மெலிந்து நீண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் தெளித்தால் படுத்துவிடுகிறது. உரம் போதவில்லை என்று ஒருவர் சொல்கிறார், உரம் அதிகம் என்று இன்னொருவர் சொல்கிறார். முளைப்பாரியும் என் நாற்றும் ஒரே காரணத்தால்தான் நீள்கின்றனவா?

இலைநரம்பு எழுதியது:

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், விவரம் கொஞ்சம் வேறு. தாவர ஆய்வகத்தில் இதே விஷயத்தில்தான் வேலை செய்கிறேன், அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் முளைப்பாரி. இருட்டறையில் நடப்பதை நீட்சி என்று சொன்னால் சரியாக இருக்கும். வெளிச்சம் இல்லாமல் செடி உணவு தயாரிக்க முடியாது. விதைக்குள் இருந்த மாவுச்சத்து, புரதம், கொழுப்பு இவற்றைக் கரைத்துச் செலவழித்து, தண்டின் செல்களைத் தண்ணீரால் உப்ப வைத்து நீளமாக்கிக்கொண்டே போகிறது. அக்கா, திருவிழா முடிந்ததும் ஒரு சட்டிப் பயிரை நன்றாகக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள், விதைத்த பயறின் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சுவாசத்தில் கொஞ்சம் போயிருக்கும். உயரம் கூடியிருக்கிறது, உடம்பு கூடவில்லை.

இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. இயற்கையில் இருட்டு என்றால் அந்த நாற்று இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கையிருப்பு தீர்வதற்குள் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே இலை விரிப்பதை நிறுத்திவைத்து, நுனியை மண் கிழிக்காமல் இருக்கக் கொக்கி போல் வளைத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தண்டுக்குக் கொடுக்கிறது. உங்கள் இருட்டறையில் அது வெளியே வந்து எவ்வளவோ நாள் ஆகியும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்கிறது.

மஞ்சளுக்குக் காரணம், பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் கடைசிக் கட்டங்களில் ஒன்றுக்கு வெளிச்சம் கட்டாயம். அந்த வேலையைச் செய்யும் நொதியம் ஒளி பட்டால்தான் இயங்கும். அதுவரைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சள் மட்டும் தெரியும். பைன் மர நாற்றுகள் இருட்டிலேயே பச்சையாகும், அவற்றிடம் வேறொரு நொதியமும் இருக்கிறது.

இனி முக்கியமான இடம். உணவு கிடைக்காத பசியால் செடி நீளவில்லை. இருட்டில் வளர்ந்த அவரை நாற்றுக்குச் சில நிமிடம் மங்கலான சிவப்பு ஒளி காட்டிவிட்டு மறுபடி இருட்டில் வைத்தால் போதும், இலை பெரிதாகத் தொடங்கும். அந்தச் சில நிமிட ஒளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி உணவு எதுவும் உருவாகியிருக்காது. அந்த ஒளி அதற்குச் செய்தியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. கதவைத் திறக்காதே என்று பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருட்டில் வளர்ந்த நாற்று வெளிச்சத்துக்கு அவ்வளவு கூர்மையாக இருக்கும்.

பாடவேளை எழுதியது:

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். ஆக்ஸின் என்கிற ஹார்மோனை வெளிச்சம் அழிக்கிறது, அதனால் வெளிச்சத்தில் தண்டு குட்டையாகவும் இருட்டில் நீளமாகவும் இருக்கிறது, ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் வளையும் என்று நாங்கள் படித்த காலத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது போதாதா? தனியாக ஒளி உணரும் மூலக்கூறு எதற்கு?

இலைநரம்பு எழுதியது:

நல்ல கேள்வி சார். ஆக்ஸின் இதில் இருப்பது உண்மை, ஆனால் ஒளி நேரடியாக அதை அழிக்கிறது என்பது நிற்கவில்லை. 1957-ல் வின்ஸ்லோ பிரிக்ஸும் கூட்டாளிகளும் மக்காச்சோள முளையின் நுனியை வைத்து அளந்தார்கள். ஒரு பக்கம் வெளிச்சம் பட்டபோது மொத்த ஆக்ஸின் குறையவில்லை, நிழல் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. நடுவில் மெல்லிய தடுப்பை வைத்து இரண்டாகப் பிரித்தால் அந்த நகர்வு நின்றுபோனது. சரி, நகர்த்தச் சொன்னது யார்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் 40 வருடம் ஆனது. 1997-ல் அதே பிரிக்ஸின் ஆய்வகத்திலிருந்துதான் அந்த நீல ஒளி ஏற்பிக்கான, அதாவது நீல ஒளியை உணரும் புரதத்துக்கான மரபணு வெளிவந்தது, இப்போது போட்டோட்ரோபின் என்கிறோம். அது நீல ஒளியை மட்டுமே கவனிக்கும். சிவப்பு ஒளியை ஒரு பக்கமிருந்து எவ்வளவு காட்டினாலும் அது அசையாது.

உயரம், இலை விரிதல், பூப்பது இவற்றுக்கெல்லாம் வேறு மூலக்கூறுகள். அதில் எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவில் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் நடந்தது. லெட்டூஸ் கீரை விதையை நனைத்து இருட்டில் வைத்திருக்கிறார்கள். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியைக் கொஞ்ச நேரம் காட்டினால் 70 சதவீதம் போல முளைக்கிறது. அதன் பின்னாலேயே 730 நானோமீட்டர் அளவில், நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியைக் காட்டினால் வெறும் 6 சதவீதம். மறுபடி சிவப்பு, மறுபடி 70-ஐத் தாண்டுகிறது. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதுதான் செல்லும். போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு 1952-ல் இதை வெளியிட்டது. ஒரே நிறமிக்கு இரண்டு வடிவம் இருக்க வேண்டும், சிவப்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றும், தூரச் சிவப்பு திருப்பிவிடும் என்று முடிவு செய்தார்கள். நிறமியை யாரும் பார்த்திருக்கவில்லை, விதை முளைத்த எண்ணிக்கையிலிருந்தே அனுமானித்தார்கள். 1959-ல் பட்லர் குழு அதைக் கருவியில் நேரடியாக அளந்தபோது பயன்படுத்தியது இருட்டில் வளர்த்த மக்காச்சோள நாற்று. பச்சையம் இருந்தால் அளவைக் கெடுத்துவிடும். உங்கள் முளைப்பாரி மாதிரியான வெளிறிய நாற்றுதான் அந்த வேலைக்குத் தோதாக இருந்தது அக்கா. அந்த நிறமிக்குப் பெயர் பைட்டோகுரோம்.

பாடவேளை எழுதியது:

இது பாடத்தில் ஒரு பத்தியாக வரும், இந்த 70, 6 கணக்கை இதுவரை வகுப்பில் சொன்னதில்லை, இனி சொல்வேன். அடுத்தது புரியவில்லை. நிறமி வடிவம் மாறினால் தண்டு ஏன் குட்டையாக வேண்டும்? நடுவில் என்ன நடக்கிறது?

இலைநரம்பு எழுதியது:

நடுவில்தான் மரபணுக்கள் வருகின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் விஷயம் அடர்த்தி.

இருட்டில் இருக்கும்போது செல்லின் உட்கருவில் பிஃப் என்று அழைக்கப்படும் ஒரு புரதக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. தண்டை நீட்டும் மரபணுக்களை இயக்குவதும் பச்சையம் சார்ந்தவற்றை அடக்கி வைப்பதும் அதன் வேலை. அதே நேரம் காப்1 என்ற இன்னொரு புரதம், வெளிச்சத்துக்கான மரபணுக்களை இயக்கக்கூடிய எச்ஒய்5 என்ற புரதம் உருவாக உருவாக அதைச் சிதைக்க அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இருட்டு வாழ்க்கை என்பது சும்மா ஒன்றும் நடக்காமல் இருப்பதில்லை, செடி முனைந்து நடத்துவது.

சிவப்பு ஒளி பட்டதும் பைட்டோகுரோம் செயல்படும் வடிவத்துக்கு மாறி, சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் போய், பிஃப் புரதங்களைப் பிடிக்கிறது. சில நிமிடங்களிலேயே அவை சிதைக்கப்படுகின்றன. காப்1-ம் அடக்கப்படுகிறது, எச்ஒய்5 சேர்கிறது. இதையே நீல ஒளிக்குச் செய்ய கிரிப்டோகுரோம் இருக்கிறது, புற ஊதா பி கதிருக்குத் தனியாக யூவிஆர்8 என்ற புரதம் இருக்கிறது, அது ஒளியைப் பிடிக்கும் விதம் 2011-ல்தான் தெளிவானது. எல்லாம் சேர்ந்து அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில், அதாவது எங்கள் துறையில் எல்லோரும் வளர்க்கும் செடியில், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்களுக்கு மேல் தங்கள் வேலையின் அளவை மாற்றிக்கொள்கின்றன. அந்தச் செடிக்கு மொத்தம் 27,000 போலப் புரதம் தரும் மரபணுக்கள். ஒரு கதவு திறந்ததற்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள்.

இதையெல்லாம் எப்படிப் பிரித்து அறிந்தார்கள் என்றால், ஏதோ ஒரு மரபணு பழுதான செடிகளை வைத்துத்தான். 1980-ல் நெதர்லாந்தின் மார்ட்டன் கூர்னீஃப், வெளிச்சத்தில் வளர்ந்தும் தண்டு நீண்ட நாற்றுகளைத் தேடிப் பொறுக்கினார். அவற்றில் ஒன்று எச்ஒய்5 இல்லாதது, இன்னொன்று கிரிப்டோகுரோம் இல்லாதது என்பது பின்னால் தெரிந்தது. இதற்கு நேர் எதிராக, காப்1 பழுதான நாற்று முழு இருட்டில் இருந்தும் குட்டையாக, இலை விரித்து, வெயிலில் இருப்பதாகவே நடந்துகொண்டது. காப்1 நம் உடம்பிலும் இருக்கிறது, கிரிப்டோகுரோமின் உறவுப் புரதம் நம் உடலின் நாள் கடிகாரத்தில் வேலை செய்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

மாடித்தோட்டம் எழுதியது:

என் தக்காளி பால்கனியில் இருட்டில் இல்லையே, பச்சையாகத்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் நீள்கிறது?

இலைநரம்பு எழுதியது:

உங்களுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்து வருகின்றன. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் பால்கனி, வெட்டவெளியோடு ஒப்பிட்டால் மிகவும் மங்கல். நீல ஒளி குறைவாக இருந்தால் கிரிப்டோகுரோம் போடும் தடை தளர்ந்து தண்டு நீளும். ஒரு பக்கமிருந்தே வெளிச்சம் வருவதால் போட்டோட்ரோபின் அந்தப் பக்கமாக வளைக்கிறது. மூன்றாவது, குழித்தட்டில் நெருக்கம்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, தூரச் சிவப்பை ஊடுருவ விடுகிறது, திருப்பியும் அடிக்கிறது. வெட்டவெளியில் சிவப்புக்கும் தூரச் சிவப்புக்கும் உள்ள விகிதம் 1.2 போல இருக்கும். அடர்ந்த இலைகளுக்கு அடியில் அது 0.1 வரை இறங்கும். பைட்டோகுரோம் இந்த விகிதத்தைத்தான் படிக்கிறது. விகிதம் இறங்கினால் மேலே வேறு செடி இருக்கிறது, முந்திக்கொண்டு உயர வேண்டும் என்று பிஃப் புரதங்கள் மறுபடி தலைதூக்கும்.

நிழல் விழுவதற்கு முன்பே இது நடக்கும் என்பதுதான் அழகு. அர்ஜென்டினாவின் கார்லோஸ் பயாரே, ஊமத்தை இனத்துச் செடியின் தண்டைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் நிரப்பிய வளையங்களை மாட்டினார். மயில்துத்தக் கரைசல் தூரச் சிவப்பை உறிஞ்சிவிடும், மற்ற ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். பக்கத்தில் செடிகள் இருந்தும், வளையம் மாட்டிய தண்டு நீளவில்லை. பக்கத்துச் செடியின் இலை திருப்பியடித்த தூரச் சிவப்பை வைத்தே, தன் மேல் நிழல் விழாத நிலையிலேயே செடி அண்டை வீட்டாரை அறிந்துகொள்கிறது என்று 1990-ல் காட்டினார்.

ஆகவே முளைத்த உடனே மொட்டை மாடியில் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒரு குழிக்கு ஒரு நாற்று. இலைகள் ஒன்றையொன்று தொடும் முன்பே தட்டைப் பிரித்து வையுங்கள். நீண்டுபோன தக்காளி நாற்றைத் தண்டோடு ஆழமாக நட்டால் அந்தத் தண்டிலிருந்தே வேர் விடும், அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

பகல்நிலா எழுதியது:

அண்டை வீட்டாரை அறிகிறது, படிக்கிறது, நடந்துகொள்கிறது என்றெல்லாம் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஓரறிவு உயிர் என்று படித்தோம், அந்த ஓர் அறிவும் தொடு உணர்வுதான். இங்கே ஒரு மூலக்கூறு ஒளியை உறிஞ்சுகிறது, ஒரு புரதம் சிதைகிறது, அவ்வளவே. அதைப் பார்வை மாதிரிச் சொல்வது வாசகரைத் தவறான பக்கம் கொண்டுபோகும்.

இலைநரம்பு எழுதியது:

செடிக்கு மூளை இல்லை, படம் பார்ப்பதில்லை, இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அவ்வளவே என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் விழித்திரையிலும் ஒரு புரதத்தில் ஒட்டியிருக்கும் வளைந்த சிறு மூலக்கூறு ஒளி பட்டு நிமிர்கிறது, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. நிறம், அளவு, திசை, எவ்வளவு நேரம் என்று நான்கையும் தனித்தனியாக அளந்து, அதற்கேற்ப உடம்பையே மாற்றி அமைப்பதை உணர்தல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

செவந்திக்காடு எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் கொய்மலர்ச் செவந்தி போடுகிறோம். நாற்று நட்டதிலிருந்து சில வாரம் ராத்திரியில் பல்ப் எரிய விடுவோம், எரியவிடாவிட்டால் செடி சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், அந்தப் பூவை யாரும் வாங்க மாட்டார்கள். தேவையான உயரம் வந்ததும் பல்பை நிறுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். அப்பா காலத்தில் பழைய மஞ்சள் பல்ப், இப்போது எல்ஈடி. கேள்வி என்னவென்றால், கடைக்காரர் ஊதா நிற விளக்குதான் செடிக்கு நல்லது என்று விற்கப் பார்க்கிறார், விலை அதிகம். வாங்கலாமா? ராத்திரி முழுக்க எரிய வேண்டுமா?

இலைநரம்பு எழுதியது:

நீங்கள் குடிலில் செய்வதுதான் பெல்ட்ஸ்வில் சோதனை அண்ணா. செவந்தி குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகலாக இருக்கும்போது பூப்பது, ஆனால் அது அளப்பது இரவின் நீளத்தை. பகல் நீளத்தைப் பொறுத்துப் பூப்பதை 1920-ல் கார்னர், அல்லார்ட் இருவரும் புகையிலையிலும் சோயாவிலும் எழுதினார்கள். 1938-ல் ஹாம்னரும் பான்னரும் வேறொரு குறும்பகல் செடியில் நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே பூப்பது கெட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். இருட்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த இடைவெளிச்சத்திலும் சிவப்பே அதிகம் வேலை செய்தது, பின்னால் தூரச் சிவப்பு காட்டினால் ரத்தானது. பைட்டோகுரோமின் கையெழுத்து அது. நம் ஊர்ப் பகல் எந்த மாதத்திலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை, உங்கள் ரகங்களுக்கு வருடம் முழுக்கப் பூக்கும் காலம்தான், அதனால்தான் விளக்கு இல்லாவிட்டால் சாண் உயரத்தில் மொட்டு.

விளக்கு என்ன செய்கிறது என்பதும் இப்போது மரபணு அளவில் தெரியும். நீண்ட இரவு கிடைத்தால் இலையில் ஒரு புரதம் உருவாகிக் குருத்துக்குப் பயணம் செய்து பூக்கச் சொல்லும். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ரஷ்யாவில் சைலக்யான் 1930-களிலேயே சொல்லி ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது எஃப்டி என்ற புரதம்தான் என்று 2007-ல் அராபிடாப்சிஸிலும் நெல்லிலும் உறுதியானது. செவந்தியில் இதற்கு எதிராக, பூக்காதே என்று சொல்லும் இன்னொரு புரதமும் இலையில் உருவாகிக் குருத்துக்குப் போகிறது என்று 2013-ல் ஜப்பானில் கண்டார்கள். நீங்கள் நடு ராத்திரி பல்ப் போடும்போது அந்த எதிர்ப் புரதத்தின் மரபணுதான் விழிக்கிறது.

இனி உங்கள் கேள்வி. ஊதா விளக்கு வேண்டாம். அது சிவப்பும் நீலமும் கலந்து, வெயிலே இல்லாத அறையில் உணவு தயாரிக்க வைப்பதற்காகச் செய்தது. உங்களுக்கு வேண்டியது உணவு இல்லை, இரவை இரண்டாக வெட்டுவது. அதற்கு 100 லக்ஸ் போல, படிக்கக்கூடிய மங்கலான வெளிச்சம் போதும். 660 அளவு சிவப்பு எல்ஈடி சிறப்பு, மஞ்சள் வெண்மை எல்ஈடியும் நடக்கும். நீலம் மட்டும் தரும் விளக்கு இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவாது. அப்பா காலத்துக் குண்டு பல்பில் தூரச் சிவப்பும் நிறைய உண்டு, அதில் தண்டு கொஞ்சம் கூடுதலாக நீண்டிருக்கும், அவரிடம் கேட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க வேண்டியதில்லை, 10 மணியிலிருந்து 2 மணி வரை போதும். அந்த நான்கு மணி நேரத்திலும் 10 நிமிடம் எரிந்து 20 நிமிடம் அணைகிற மாதிரி டைமர் வைத்துப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள், மாறிய நிறமி உடனே திரும்புவதில்லை.

சம்பாவயல் எழுதியது:

இதைப் படித்ததும் எங்கள் வயல் நினைவுக்கு வந்தது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவற்றை ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கதிர் வரும் சமயம் பெரிதாக மாறாது. குறுவைப் பட்டத்தில் போட்டால் வெறும் பயிராகவே வளர்ந்துகொண்டிருக்கும். தஞ்சாவூரில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதை வைத்தா நெல் கணக்குப் போடுகிறது? இன்னொன்று, தெருவிளக்கு வந்த பிறகு அதன் அடியில் இருக்கும் ஒரு வட்டம் மட்டும் கதிர் பிந்திப் பச்சையாக நிற்கிறது. பூச்சியா, மண்ணா என்று பார்த்துவிட்டோம்.

இலைநரம்பு எழுதியது:

அதை வைத்துத்தான் போடுகிறது ஐயா, சில நிமிட வித்தியாசத்தைக்கூடக் கவனிக்கும் ரகங்கள் உண்டு. நெல்லும் குறும்பகல் தாவரம். எச்டி1 என்ற மரபணு பகல் நீளமாக இருக்கும்போது பூக்கும் புரதத்தைத் தடுக்கிறது, பகல் குறைந்தால் அதே மரபணு தூண்டுகிறது. தடுக்கும் பக்கத்தில் பைட்டோகுரோமும் சேர்ந்திருக்கிறது. ஒளியைப் பிடிக்கும் நிறமித் துண்டு உருவாகாமல் பைட்டோகுரோமே வேலை செய்யாத நெல் செடி ஒன்றை ஜப்பானில் வைத்திருக்கிறார்கள், அது பகல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலைப்படாமல் சீக்கிரமே கதிர் விட்டுவிடும். 1966-ல் வந்த ஐஆர்8 உள்ளிட்ட குட்டை ரகங்கள் பரவியதற்கு விளைச்சலும் சாயாத தண்டும் ஒரு காரணம் என்றால், பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்க்காமல் எந்தப் பட்டத்திலும் வந்துவிடுவது இன்னொரு காரணம். பழைய சம்பாவின் குணத்தைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. எப்போது விதைத்தாலும் மழை ஓய்ந்து வயல் வடியும் காலத்தில் எல்லாம் ஒன்றாகக் கதிர் வைக்கும்.

தெருவிளக்கு வட்டம் நீங்கள் சொன்ன மாதிரிதான், செவந்திக் குடிலில் நடப்பதே அங்கும் நடக்கிறது. ஜப்பானிலும் இது விவசாயிகள் நன்றாக அறிந்த சிக்கல். விளக்கின் வயல் பக்கத்தை மறைத்துத் தகடு வைக்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள்.

பாடவேளை எழுதியது:

வெக்கைதான் காரணம் என்று அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே, அதை விட்டுவிட்டீர்கள்.

இலைநரம்பு எழுதியது:

அவர் சொன்னதிலும் பொருள் உண்டு. செயல்படும் வடிவத்தில் இருக்கும் பைட்டோகுரோம் இருட்டில் தானாகவே மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெப்பம் கூடினால் வேகமாகத் திரும்பும். ஆகவே இரவு சூடாக இருந்தால் தண்டு கூடுதலாக நீளும். பைட்டோகுரோம் வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016-ல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. முளைப்பாரி அறையில் ஒளியே படாததால் அங்கே திரும்புவதற்கு எதுவும் இல்லை, வெக்கை வேறு வழிகளில் வேகத்தைக் கூட்டியிருக்கும். ஆனால் மாடித்தோட்டத்துத் தக்காளிக்கு இது நேராகப் பொருந்தும், சித்திரை வைகாசியில் நாற்று இன்னும் மோசமாக நீளும்.

வைகைக்கரை எழுதியது:

மகளுக்கு ஒவ்வொரு பதிலாக வாசித்துக் காட்டினேன். அண்டை வீட்டுச் செடி கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இதை வீட்டிலேயே செய்து பார்க்க வழி இருக்கிறதா? சிவப்பு, நீலம் கண்ணாடிக் காகிதம் வாங்கி வரட்டுமா?

இலைநரம்பு எழுதியது:

கண்ணாடிக் காகிதம் வேண்டாம் அக்கா. எந்த நிறக் காகிதமாக இருந்தாலும் தூரச் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், முடிவு குழப்பும். சிவப்பு எல்ஈடி ஒன்று, நீல எல்ஈடி ஒன்று, இரவு விளக்காக விற்பதே போதும். மூன்று அட்டைப் பெட்டி எடுத்து உள்ளே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். முளைகட்டிய பாசிப்பயறை ஈர மணலில் ஒரே ஆழத்தில் வையுங்கள். ஒரு பெட்டி முழு இருட்டு. மற்ற இரண்டிலும் விளக்கை மேலே வைக்காமல் ஒரு பக்கச் சுவரில் வையுங்கள். சிவப்புப் பெட்டியில் இலை விரிந்து பச்சையாகும், தண்டு இருட்டில் வளர்ந்ததைவிடக் குட்டையாக இருக்கும், ஆனால் விளக்குப் பக்கம் சாயாது. நீலப் பெட்டியில் தெளிவாகச் சாயும். இரண்டு ஏற்பிகள் தனித்தனியாக வேலை செய்வதை அவளே பார்த்துவிடலாம். இருட்டுப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். கைபேசி வெளிச்சத்தையும் காட்டக் கூடாது, அதிலும் நீலமும் சிவப்பும் இருக்கிறது.

செவந்திக்காடு எழுதியது:

தம்பி, அப்பாவிடம் கேட்டேன். பழைய பல்ப் காலத்தில் காம்பு நீளமாகத்தான் வரும், எல்ஈடி வந்த பிறகு கொஞ்சம் குட்டை என்று அவரே சொன்னார், நாங்கள் அதை உரத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த நடவில் ஒரு பாத்திக்கு 660 சிவப்பு, பக்கத்துப் பாத்திக்கு இப்போது இருக்கும் மஞ்சள் வெண்மை விளக்கு, நடுவில் கறுப்புத் துணி கட்டி டைமரோடு போடப் போகிறேன். காம்பு நீளம், மொட்டு வந்த தேதி இரண்டையும் இங்கே எழுதுகிறேன். மீட்டர் கணக்கையும் சேர்த்துப் போடவா?